அறிக்கையில் ஒன்றுமில்லை, உடம்பில் வலி இருக்கிறது

எங்கள் வாதநோய்ப் பிரிவின் புறநோயாளிகள் பகுதிக்கு வருபவர்களில் பலர் ஒரு கட்டைப்பையோடு வருகிறார்கள். பைக்குள் எக்ஸ்ரே படங்களும் ஸ்கேன் உறைகளும் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளும் பல மருத்துவர்களின் மருந்துச் சீட்டுகளும் இருக்கும். இருக்கையில் அமர்ந்ததும் அவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: “எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க டாக்டர். ஆனா வலி மட்டும் போகல.”

மாதக்கணக்கில் நீடிக்கும் வலி, காரணம் தெரியாத சோர்வு, உறக்கமின்மை, தசைத் தளர்ச்சி என்று அலைந்துகொண்டிருக்கும் நோயாளிகளுக்காகவும் அவர்களோடு அலையும் குடும்பத்தினருக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறேன். இதில் வரும் இருவரும் தங்கள் கதையை எழுத ஒப்புதல் தந்தவர்கள். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் நோயாளி: மூன்று ஆண்டு வலி

அவர் பேருந்து நடத்துநர், வயது 41. மூன்று ஆண்டுகளாகக் குதிகால், இடுப்பு, விலா எலும்புகளில் வலி. தொடக்கத்தில் நெடுந்தூரப் பணி முடிந்த நாட்களில் மட்டும் இருந்தது. பிறகு நாள் முழுவதும் இருந்தது. பேருந்துப் படியில் ஏறக் கைப்பிடியை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. இருமினால்கூட விலாவில் குத்தியது. விடுப்பெல்லாம் தீர்ந்து, சம்பளமில்லா விடுப்பில் இருந்தார்.

“இவரு வேலைக்குப் போகாம நடிக்கிறாருன்னு டிப்போவுல பேசிக்கிறாங்க, டாக்டர். நீங்களாவது நல்லாப் பாத்துச் சொல்லுங்க” என்றார் அவருடைய மனைவி.

நான் பையிலிருந்த தாள்களை நாள்வாரியாக அடுக்கினேன். வாதக்காரணி, யூரிக் அமிலம், தைராய்டு, கால்சியம் எல்லாம் இயல்பு. முதுகுத்தண்டின் எம்.ஆர்.ஐ. இரண்டு முறை எடுக்கப்பட்டிருந்தது. ‘இலேசான வட்டுப் பிதுக்கம்’ என்று எழுதியிருந்தார்கள். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் ஒரே ஓர் அளவு மட்டும் எல்லா அறிக்கைகளிலும் தடித்த எழுத்தில், இயல்பைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தது. கல்லீரல் கோளாறு என எண்ணி யாரோ வயிற்று ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். கல்லீரல் நன்றாக இருந்ததால் அத்தோடு விட்டுவிட்டார்கள். அந்த நொதி கல்லீரலிலிருந்து மட்டுமல்ல, எலும்பிலிருந்தும் வரும்.

அடுக்கிய தாள்களில் ஒன்று என் கையெழுத்தில் இருந்தது. ஒன்றரை ஆண்டுக்கு முன்னர் அவர் என்னிடமே வந்திருக்கிறார், எனக்கு நினைவில்லை. ‘வைட்டமின் டி குறைவு. எட்டு வார மருந்து. மன அழுத்தத்தைக் குறைக்கவும். மூன்று மாதம் கழித்து வரவும்’ என்று எழுதியிருந்தேன். மூன்று மாதம் கழித்து ஏன் வரவில்லை என்று கேட்டேன். “நீங்களும் பெருசா ஒன்னுமில்லன்னுதானே சொன்னீங்க” என்றார்.

வைட்டமின் டி குறைவு என்று நான் எழுதியது உண்மைதான். அப்போது அவருக்கு அது குறைவாகவே இருந்தது. ஆனால் மருந்துக்குப் பின் எடுத்த அறிக்கையில் வைட்டமின் டி சரியாகியிருந்தது, வலியோ கூடியிருந்தது. ஆல்கலைன் பாஸ்பட்டேசும் இறங்கவில்லை. என் முடிவு முழுமையானதல்ல என்பதற்கு அந்த ஒரு தாளே போதிய சான்று. அதை எடுத்துக்கொண்டு அவர் திரும்பி வராமல் போனதற்கு நான் பயன்படுத்திய சொற்களே காரணம்.

இம்முறை அவரை நடக்கச் சொன்னேன். இடுப்பை இருபுறமும் அசைத்து, வாத்தைப் போல நடந்தார். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னேன், முடியவில்லை. விலா எலும்பில் இலேசாக அழுத்தியபோதே முகம் சுளித்தார். “ஆறேழு மாசமா இவரு தரையில உக்காந்து சாப்பிடறதில்ல” என்றார் மனைவி. இது தசையின் வலிமைக் குறைவு, எலும்பின் வலி. மன அழுத்தத்தால் ஒருவர் இப்படி நடப்பதில்லை.

அன்று மாலை வந்த இரத்த அறிக்கையில் பாஸ்பரஸ் 1.4 இருந்தது. பெரியவர்களுக்கு அது ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளில் எடுத்த அத்தனை பரிசோதனைகளிலும் பாஸ்பரஸ் ஒருமுறைகூடப் பார்க்கப்படவில்லை. விலை குறைந்த, எளிய பரிசோதனைதான். வழக்கமான முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகள் பலவற்றில் அது இடம்பெறுவதில்லை என்பதே காரணம்.

உள்ளங்காலில் ஒரு சிறு கட்டி

எலும்பு உறுதியாக இருக்கக் கால்சியத்தைப் போலவே பாஸ்பேட்டும் தேவை. பாஸ்பேட் குறைந்தால் புதிதாக உருவாகும் எலும்பு கெட்டிப்படாமல் மென்மையாகவே இருந்துவிடும். உடலின் பாரம் தாங்கும் இடங்களில் மயிரிழை போன்ற விரிசல்கள் தோன்றும். தசைகளும் வலுவிழக்கும். இந்த எலும்பு மென்மை நோய்க்கு ஆஸ்டியோமலேசியா என்று பெயர். நம் நாட்டில் இதற்கு மிகப் பொதுவான காரணம் வைட்டமின் டி குறைவுதான். அதைச் சரிசெய்தும் பாஸ்பரஸ் ஏறவில்லை என்றால், சிறுநீரகம் பாஸ்பேட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவருக்கு அதுதான் நடந்துகொண்டிருந்தது.

சிறுநீரகத்துக்கு அவ்வாறு கட்டளையிடும் இயக்குநீர் ஒன்று உண்டு, எஃப்.ஜி.எஃப்.-23 என்பது அதன் பெயர். இயல்பாக எலும்புச் செல்கள் அதை அளவோடு சுரக்கின்றன. மிக அரிதாக, உடலில் எங்கோ தோன்றும் ஒரு சிறு கட்டி அதை அளவின்றிச் சுரக்கும். 1947இல் இங்கிலாந்தில் மெக்கான்ஸ் என்னும் மருத்துவர், தொடை எலும்பிலிருந்த கட்டியை நீக்கியதும் ஓர் இளம்பெண்ணின் எலும்பு நோய் குணமானதைப் பதிவுசெய்தார். நோய்க்குக் காரணம் கட்டியிலிருந்து வெளிப்படும் ஏதோ ஒரு பொருள்தான் என்ற கருத்தை 1959இல் சுவிட்சர்லாந்தின் பிராடர் முன்வைத்தார். அந்தப் பொருள் இன்னதென்று 2001இல்தான் தெரிந்தது. இக்கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்லாதவை, மிகச் சிறியவை, வலிக்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதுமில்லை. ஆகவே பல நோயாளிகளுக்கு நோய் தெரியவே சில ஆண்டுகள் ஆகிவிடுகின்றன.

இவருடைய இரத்தத்தில் அந்த இயக்குநீர் மிகுந்திருந்தது. இத்தகைய கட்டிகளைக் காட்டும் சிறப்புப் பெட் ஸ்கேனில், இடது உள்ளங்காலில் ஒரு புள்ளி தெரிந்தது. படத்தைக் காட்டியபோது அவர் வியப்படையவில்லை. “அங்க ஒரு கொழுப்புக்கட்டி மாதிரி ரொம்ப நாளா இருக்கு டாக்டர். செருப்புல உறுத்தும். அதுக்கும் இடுப்பு வலிக்கும் என்ன சம்பந்தம்னு நான் யாருகிட்டயும் சொல்லல” என்றார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் யாரும், நான் உட்பட, அவர் செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பார்க்கவில்லை.

அறுவைச் சிகிச்சையில் கட்டி முழுமையாக நீக்கப்பட்டது. அந்த வாரத்திற்குள்ளாகவே பாஸ்பரஸ் இயல்பு நிலைக்கு வந்தது. எலும்பு கெட்டிப்பட மாதங்கள் ஆயின. பத்து மாதம் கழித்து அவர் மீண்டும் வழித்தடப் பணிக்குச் சென்றார்.

இரண்டாம் நோயாளி: தேடலை நிறுத்த வேண்டியிருந்தது

இத்துடன் நிறுத்தினால், வலி உள்ள ஒவ்வொருவருக்கும் எங்கோ ஒரு கட்டி ஒளிந்திருக்கிறது என்ற தவறான எண்ணம் வந்துவிடும். ஆகவே இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அவர் பள்ளி ஆசிரியை, வயது 36. ஐந்து ஆண்டுகளாகக் கழுத்து, தோள், முதுகு, கை, கால் எங்கும் வலி. எட்டு மணிநேரம் உறங்கினாலும் உறங்காதவரைப் போல எழுந்திருப்பார். கரும்பலகையில் எழுதத் தொடங்கிய வாக்கியம் பாதியில் மறந்துவிடும். அடிக்கடி தலைவலியும் வயிற்றுக் கோளாறும் இருந்தன. ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதிய மருத்துவரும் ஒரு புதிய எம்.ஆர்.ஐ.யும் என்று போய்க்கொண்டிருந்தார். நகையை அடகு வைத்துப் பரிசோதனை செய்திருந்தார். “ஏதாவது ஒரு ரிப்போர்ட்ல ஏதாவது வந்துட்டாக்கூட நிம்மதியா இருக்கும் டாக்டர்” என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. நம்பப்படாமல் வாழ்வதைவிட நோயாளி என்ற பெயரோடு வாழ்வது அவருக்கு எளிதாகத் தோன்றியது.

அவரையும் நடக்க வைத்தேன், எழ வைத்தேன், பாதம் வரை பார்த்தேன். தசை வலிமை நன்றாக இருந்தது. மூட்டுகளில் வீக்கமில்லை. தைராய்டு, இரத்த அணுக்கள், அழற்சி அளவுகள், கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் எல்லாம் இயல்பு. அவருக்கு இருந்தது ஃபைப்ரோமயால்ஜியா.

‘வேறு எதுவும் கிடைக்காததால்’ சூட்டிய பெயரல்ல அது. உடலின் பல பகுதிகளில் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி, புத்துணர்ச்சி தராத உறக்கம், சோர்வு, கவனக் குறைவு ஆகியவை சேர்ந்து அமையும் ஒரு வடிவம் உண்டு. அதற்குரிய அளவுகோல்கள் 1990 முதல் வகுக்கப்பட்டு, 2010இலும் 2016இலும் திருத்தப்பட்டுள்ளன. இந்நோயில் தசையோ மூட்டோ சிதைவதில்லை. வலியை உணர்ந்து அளவிடும் நரம்பு மண்டலம் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகிறது. மற்றவருக்கு வெறும் தொடுதலாக இருப்பது இவருக்கு வலியாகிறது. எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ.யும் உறுப்பின் உருவத்தைக் காட்டுபவை; நரம்பு மண்டலத்தின் இந்தக் கூர்மையை அவற்றால் காட்ட இயலாது.

“அப்படின்னா இது மனசுல வர்ற வலியா?” என்று உடன் வந்திருந்த மாமியார் கேட்டார். இல்லை என்றேன். உலக அளவில் வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் வலிக்கான வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அது மதிக்கப்பட வேண்டும் என்று தனியாகக் குறித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதில் நாட்பட்ட வலி, வேறொரு நோயின் அறிகுறியாக மட்டுமன்றித் தானே ஒரு நோயாகவும் இடம்பெற்றுள்ளது. கவலையும் மனச்சோர்வும் வலியைக் கூட்டலாம். நீடித்த வலியும் அவற்றைக் கொண்டுவரலாம். அதனால் வலி பொய்யாகிவிடாது.

இனி ஸ்கேன் தேவையில்லை என்றபோது ஆசிரியையின் முகத்தில் ஏமாற்றமே தெரிந்தது. அவருக்குத் தேவைப்பட்டவை வேறு: மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி, உறக்கத்தைச் சீராக்குதல், நரம்பு வழி வரும் வலியைத் தணிக்கும் மருந்து ஒன்று. தொடக்கத்தில் வீட்டு முற்றத்தில் ஐந்து நிமிட நடை மட்டுமே. ஓராண்டுக்குப் பின் அவருக்கு வலி முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் நன்றாக உறங்குகிறார். பள்ளிக்கு விடுப்பின்றிச் செல்கிறார். அடகு வைத்த நகையில் பாதியை மீட்டுவிட்டார்.

ஒருவருக்குத் தேடலைத் தொடர்ந்ததால் நலம் கிடைத்தது. மற்றவருக்குத் தேடலை நிறுத்தியதால் கிடைத்தது. இவ்விரண்டில் எது பொருந்தும் என்று தீர்மானிப்பது ஸ்கேன் அல்ல. பொறுமையாகக் கேட்பதும் உடலைத் தொட்டுப் பார்ப்பதுமே.

‘நார்மல்’ என்றால் என்ன?

ஒவ்வொரு பரிசோதனையும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்லும். கால்சியம் இயல்பு என்றால் கால்சியம் இயல்பு என்று மட்டுமே பொருள். அதேபோல, அறிக்கையில் ஏதோ ஒன்று எழுதப்பட்டிருப்பதாலேயே அது வலிக்குக் காரணம் என்றும் ஆகிவிடாது. வலியே இல்லாத, நாற்பது வயதைக் கடந்த பலருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தால் முதுகுத்தண்டு வட்டுகளில் தேய்வோ பிதுக்கமோ தெரியும். நம் நடத்துநருக்கு ‘வட்டுப் பிதுக்கம்’ என்ற சொல் ஒரு விடையைப் போலத் தோன்றி, உண்மையான விடையை மறைத்துவிட்டது.

இவை இருந்தால் தேடலைக் கைவிடாதீர்கள்

கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் இருந்தால், அறிக்கைகள் இயல்பாக இருந்தாலும் மருத்துவரிடம் மீண்டும் செல்லுங்கள்.

• காய்ச்சல், உடல் எடை குறைதல், இரவு வியர்வை. முதுகுவலியோடு மாலைக் காய்ச்சலும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும்.
• 45 வயதுக்குள் தொடங்கி, காலையில் அரை மணிநேரத்துக்கு மேல் விறைப்பாக இருந்து, ஓய்வில் கூடி, நடந்தால் குறையும் முதுகுவலி. இது தண்டுவட மூட்டழற்சியாக இருக்கலாம்; தொடக்க ஆண்டுகளில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம்.
• மூட்டுகளில் கண்ணுக்குத் தெரியும் வீக்கம்.
• தரையிலிருந்து எழ, படியேற, தலைக்கு மேல் கையைத் தூக்க முடியாத தளர்ச்சி.
• சிறு அடியிலேயே எலும்பு முறிதல், உயரம் குறைதல்.
• தோலில் உணர்ச்சியற்ற தேமல். கை, கால் மரத்துப்போதல்.
• ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய எலும்பு வலியோடு இரத்தச்சோகை.

முதுகுவலியோடு சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழந்தாலும், சிறுநீர் வெளியேறாமல் தேங்கினாலும், தொடைகளின் உட்புறமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போனாலும் காத்திருக்க வேண்டாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும்.

வரும்போது கொண்டுவர வேண்டியவை

பையில் உள்ள அனைத்தையும் கொண்டுவாருங்கள். ஆனால் அவற்றுக்கு மேலே ஒரே ஒரு பக்கம் எழுதி வையுங்கள். வலி எப்போது, எங்கே தொடங்கியது. எந்த வரிசையில் பரவியது. எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது. முன்பு செய்ய முடிந்து இப்போது முடியாத மூன்று வேலைகள் எவை. இதுவரை எடுத்த மருந்துகளில் எது பயன் தந்தது. வலிக்குத் தொடர்பில்லை என்று நீங்கள் எண்ணும் மாற்றங்களையும் எழுதுங்கள்: புதிய கட்டி, கண் சிவத்தல், வாய்ப்புண், தோல் மாற்றம், முடி உதிர்தல். தொடர்பு உண்டா இல்லையா என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும்.

எல்லா மருந்துகளையும் சொல்லுங்கள். மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி, நெடுநாள் குடித்த அமிலநீக்கி, சிரை வழியாகப் போட்ட இரும்பு ஊசி எதையும் விட்டுவிடாதீர்கள். அமிலநீக்கிகளிலும் இரும்பு ஊசிகளிலும் சில வகைகள் பாஸ்பரஸைக் குறைக்கக் கூடியவை. இதைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். குறிப்பாக, நெடுநாள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மருத்துவர் ஒரு முடிவைச் சொன்ன பின் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த முடிவோடு பொருந்தாத அறிகுறி ஏதேனும் எனக்கு இருக்கிறதா? வேறு என்னவாக இருக்கக்கூடும்? எத்தனை நாளில் குறையாவிட்டால் நான் திரும்பி வர வேண்டும்? இவற்றைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. ஒன்றரை ஆண்டுக்கு முன் என்னிடம் அந்த முதல் கேள்வி கேட்கப்பட்டிருந்தால், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏன் அவ்வளவு கூடியிருக்கிறது என்று நான் இன்னும் சற்று நேரம் யோசித்திருப்பேன்.

இயன்றவரை ஒரு மருத்துவரையே தொடர்ந்து பாருங்கள். வேறொருவரின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை. ஆனால் கேட்ட பின் இருவரின் கருத்தையும் ஓரிடத்தில் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மருத்துவரும் முதல் பக்கத்திலிருந்தே தொடங்குவார்.

குடும்பத்தினருக்கு ஒரு சொல்

“உனக்கு ஒன்னுமில்ல, மனசைத் தைரியமா வச்சுக்கோ” என்று அன்பினால்தான் சொல்கிறோம். வலியோடு இருப்பவரின் காதில் அது “உன்னை நான் நம்பவில்லை” என்று விழுகிறது. அதற்குப் பதிலாக, “என்னன்னு இன்னும் தெரியல; தெரியற வரைக்கும் நான் கூட இருக்கேன்” என்று சொல்லிப் பாருங்கள். நோயாளி கவனிக்காத மாற்றங்களையும் நீங்கள் கவனிக்க முடியும். தரையில் அமர்ந்து உண்பதை நடத்துநர் நிறுத்திவிட்டார் என்பதை எங்களுக்குச் சொன்னது எந்தப் பரிசோதனையும் அல்ல, அவருடைய மனைவி.

வேலைக்குத் திரும்பும் முன் கடைசியாக வந்தபோது, நான் நடத்துநரிடம் மன்னிப்புக் கேட்டேன். “இரண்டாவது தடவை பாத்தீங்கல்ல டாக்டர், அது போதும்” என்றார். எனக்கு அது போதவில்லை. நீண்ட நாள் வலியோடு வரும் யாரிடமும் ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லை இப்போது நான் சொல்வதில்லை. ‘இதுவரை பார்த்ததில் காரணம் தெரியவில்லை, இந்த நாளில் மீண்டும் பார்ப்போம்’ என்று சொல்லி, அந்தத் தேதியைச் சீட்டில் எழுதித் தருகிறேன். உங்கள் சீட்டில் அப்படி ஒரு தேதி இல்லையென்றால், எழுந்து செல்லும் முன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.